மீதி முப்பத்தைந்து விநாடி

1

பிள்ளைகளே, உங்கள் தலைமை ஆசிரியை பூங்கோதை டீச்சரும் நானும் பத்தாவது வரை ஒரே வகுப்பு. அவர் மேலே படித்தார். நான் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். போன வாரம் போன் செய்தார்.

"நீ சார்ஜா போயி முப்பது வருஷம் ஆயிருச்சாம்ல, உன் தங்கச்சி சொன்னா. நம்ம பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடு. பிள்ளைகளுக்குப் பயனா இருக்கணும். உழைப்பு, ஒழுக்கம், அந்த மாதிரி."

உழைப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. கட்டடங்களைப் பற்றி எழுதலாம் என்றால், என்னைவிட நீங்கள்தான் அவற்றைப் போனில் அதிகம் பார்த்திருப்பீர்கள். நான் பார்ப்பதெல்லாம் ஒரு கட்டுமானச் சாமான் கம்பெனியின் கிடங்கு. காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, சைட்டுக்குப் போகிற குழாய்களை எண்ணி லாரியில் ஏற்றிவிட்டு "யல்லா" என்பேன்; சாயந்தரம் திரும்பி வந்ததை எண்ணி இறக்கிவிட்டு "கலாஸ்" என்பேன். "போகலாம்", "முடிந்தது". இந்த இரண்டு அரபிச் சொற்களுக்கு நடுவில்தான் என் நாள்.

அதனால் ஓர் உளவாளியைப் பற்றி எழுதுகிறேன். பயன் இருக்கிறதா இல்லையா என்று கடைசியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2

எங்கள் வீடு ரோலாவுக்குப் பக்கத்தில். ரோலா என்பது சார்ஜாவின் பழைய கடைத்தெரு. கறிவேப்பிலை முதல் கொலுசு வரை கிடைக்கும். வெள்ளிக்கிழமை அங்கே நடந்தால் தோளோடு தோள் உரசும். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் வீடு போய்ச் சேர முடியாது.

அங்கே ஒரு ஸ்டுடியோவில் பழைய வீடியோ கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தருகிறார்கள். கேசட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு செங்கல்லைக் கனத்தில் பாதியாக அறுத்தால் எப்படி இருக்கும், அந்த அளவு கறுப்புப் பெட்டி. உள்ளே சுற்றிச் சுற்றி நாடா. அந்த நாடாவில்தான் படம் இருக்கும்.

என் மனைவி செல்வி எங்கள் கல்யாண கேசட்டை ஏற்றித் தரச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் இருந்த சூட்கேஸைத் திறந்தால் நான்கு கேசட் கிடந்தன. நான்கையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. மூன்றில் கல்யாணம், தாலி பெருக்கு, வளைகாப்பு. நான்காவதில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் ரயில்வே ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கத்தினாள் என் மகள் நிவேதா.

அவள் இங்கேதான் பிறந்தாள். ப்ளஸ் டூ படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதச் சொன்னால் இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள். ஊடகம் என்று ஒரு பாடம் எடுத்திருக்கிறாள், டி.வி. பார்ப்பதற்கே மார்க் போடுவார்கள். அதில் ஒரு ப்ராஜெக்ட். நம்முடைய கெட்ட நேரமோ நல்ல நேரமோ, அவள் எடுத்திருந்தது இந்தச் சாம்பல் கோட்டுக்காரர் வரும் பழைய உளவாளித் தொடரைத்தான்.

தொடரை முழுதாக இல்லை. அதன் முதல் கதையை மட்டும். அதற்குப் பைலட் என்று பெயராம். முதலில் ஒரே ஒரு கதையை எடுத்து முதலாளிமாருக்குப் போட்டுக் காட்டுவார்களாம். பிடித்தால்தான் மற்றதெல்லாம். விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் முதலில் கேட்டது அதைத்தான்.

3

கதை சின்னது. சாம்பல் கோட்டுக்காரர் எதிரி நாட்டுக்குப் போகிறார். கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு ஃபிலிம் சுருளைக் கொண்டுவர வேண்டும். அது பியானோ வாசிக்கிற ஒரு பெண்ணிடம் இருக்கிறது. அவளோ, "தொலைந்துவிட்டது" என்கிறாள். வெறுங்கையோடு ரயில் ஏறுகிறார். எல்லையில் அவர் பெட்டி, தொப்பி, ஷூ எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள்; போட்டிருக்கிற கோட்டை மட்டும் விட்டுவிடுகிறார்கள். எதுவும் இல்லை. ஊர் திரும்பி அதிகாரியிடம் தலை குனிந்து நிற்கிறார். கைக்குட்டை எடுக்கக் கோட்டுப் பையில் கை விடுகிறார். ஃபிலிம் சுருள் வருகிறது.

எப்படி வந்தது? அதில்தான் ஒவ்வொரு பதிப்பும் வேறுபடுகிறது. நிவேதா சுவரில் பெரிய அட்டை ஒட்டிக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள்.

முதலாளிமாருக்குக் காட்டிய முதல் பதிப்பில் பியானோப் பெண்ணே கிடையாது. ஒரு கிழவர். நடிகரும் வேறு ஆள். கோட்டு மட்டும் அதே கோட்டு. கிழவர் பொடி டப்பாவில் சுருளை வைத்துக் கொடுக்கிறார். முதலாளிமாருக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும்.

அதனால் டி.வி.யில் வந்த இரண்டாவது பதிப்பில் கிழவர் போய் இளம்பெண் வந்தாள். ஸ்டேஷனில் விடைபெறும்போது அவருக்கு ஒரு முத்தம் கொடுக்கிறாள். பிறகு அவர் தோளில் முகம் புதைத்து நிற்கிறாள். அப்போது காமிரா மெல்லக் கீழே இறங்குகிறது. அவள் கை அவருடைய கோட்டுப் பைக்குள் போய், எதையோ போட்டுவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வருகிறது. அவருக்குத் தெரியாது. ரயில் கிளம்புகிறது. அவள் கையை நீட்டியபடி அழுதுகொண்டு பின்னால் ஓடுகிறாள். அவர் பிடிபட்டாலும் பொய் சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்லாமல் போட்டிருக்கிறாள் என்பது நமக்குக் கடைசியில் புரியும்.

மூன்றாவது, தியேட்டருக்காக இழுத்தது. அதே கதையில் ஒரு கார் துரத்தல், ஒரு குளியல் தொட்டிச் சண்டை. சுருள் அப்படியே.

நான்காவது, தமிழ் டப்பிங். இதை நான் முதல் லீவில் ஊருக்கு வந்தபோது என் தங்கச்சி வீட்டில் பார்த்தேன். நமக்குச் சும்மா இருக்கிற வாயைப் பிடிக்காது. திரையில் அவள் அவர் தோளில் சாய்ந்து, இரண்டு பேர் வாயும் மூடியிருக்கும்போதே கதாநாயகனின் மனக்குரல், "என்ன இது, பாக்கெட்டில் ஏதோ விழுந்த மாதிரி இருக்கே?" என்கிறது. அப்புறம் எல்லையில் அவர் திருதிரு என்று விழிப்பதற்கு அர்த்தமே இல்லை. என் தங்கச்சிக்கு அதுதான் பிடித்தது. "இப்பத்தாண்ணே விளங்குது" என்றாள்.

ஐந்தாவது, எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அதில் முத்தம் இல்லை. கையும் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கிறார்கள். படம் ஒரு குலுங்கு குலுங்குகிறது. சடாரென்று ரயில் போகிறது. அவள் கையை நீட்டிக்கொண்டு அழுதபடி ஓடுகிறாள். பிறகு அவர் பையிலிருந்து சுருளை எடுக்கிறார்.

"புரியுதாப்பா?" என்றாள் நிவேதா. அவள் கண் மின்னியது. "இந்த வெர்ஷன்ல அவர் ஹீரோ இல்ல. திருடன். அவகிட்டேருந்து திருடிட்டுப் போறார். அவ 'குடு, குடு'ன்னு பின்னாடியே ஓடறா. நெட்ல எங்கயுமே இல்ல இந்த வெர்ஷன். யாரோ பிளான் பண்ணிச் செஞ்சிருக்காங்க. மேலைநாட்டு உளவாளின்னா திருடன்னு காட்டறதுக்கு. கேசட் மேல பாருங்க, அரசாங்க முத்திரை."

பார்த்தேன். ஊதா மையில் வட்டமான முத்திரை. நடுவில் ஆங்கிலத்தில் FAMILY.

ப்ராஜெக்டின் தலைப்பைக் காட்டினாள். தமிழில் சொன்னால், "வளைகுடா ஒரு வீரனைத் திருடனாக்கிய கதை". வியாழக்கிழமை வகுப்பில் வாசிக்க வேண்டும். அன்று திங்கட்கிழமை.

எனக்கு வியர்த்தது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

4

அந்த முத்திரை அரசாங்கத்துடையது இல்லை, பிள்ளைகளே. ஹம்சா இக்காவுடையது.

நான் இங்கே வந்த முதல் மூன்று வருஷம், ரோலாவில் ஹம்சா இக்காவின் கேசட் கடையில் இருந்தேன். இக்கா மலையாளி; இக்கா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். வாடகைக்குக் கேசட் கொடுப்பார். வாடிக்கையாளர் எல்லாம் குடும்பக்காரர்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகள். அதனால் வெளிநாட்டுக் கேசட் எது வந்தாலும் இக்கா அதற்கு ஒரு 'ஃபேமிலி காப்பி' போடச் சொல்வார். அந்த வேலை எனக்கு.

இரண்டு மெஷின். ஒன்று படத்தை ஓட்டும். மற்றது அதைப் பார்த்துப் பதியும். நான் பதிகிற மெஷினின் பாஸ் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகாத காட்சி வந்தால் அமுக்க வேண்டும். பதிவு நிற்கும், படம் ஓடிக்கொண்டிருக்கும். காட்சி போனதும் மறுபடி அமுக்க வேண்டும். பதிவு தொடரும்.

"தம்பி, நல்லோணம் கேட்டுக்கோ," என்பார் இக்கா, அவருடைய தமிழில். "உம்மா வந்தா கட். துணி கொறஞ்சா கட். வெட்டு குத்து குழப்பம் இல்ல, அது பிள்ளைங்க கண்டோட்டே." உம்மா என்றால் அவர் பாஷையில் முத்தம்; குழப்பம் இல்ல என்றால் பரவாயில்லை; கண்டோட்டே என்றால் பார்க்கட்டும்.

இப்படிக் காப்பி போடுவது தப்பு என்று இன்று தெரிகிறது. அன்றும் தப்பாகத்தான் இருந்திருக்கும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

காப்பி முடிந்ததும் இக்கா முத்திரை குத்துவார். முத்திரை செய்கிறவனிடம், சதுரம் வேண்டாம், வட்டமாகப் போடு என்று கேட்டு வாங்கினார். "வட்டம்னா ஒரு கவர்மெண்டு லுக் உண்டு." இருபத்தெட்டு வருஷம் கழித்து என் மகளே ஏமாறுவாள் என்று இக்கா நினைத்திருக்க மாட்டார்.

சாம்பல் கோட்டுக்காரரின் காப்பியை நான்தான் போட்டேன். ஒரு தப்பு நடந்துவிட்டது. அதனால் கதையே மாறிவிட்டது என்பது காப்பி வெளியே போன பிறகுதான் தெரிந்தது. மூல கேசட்டை அதற்குள் இக்கா திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு காப்பியிலிருந்து பத்துக் காப்பி போட்டாயிற்று; அதில் ஒன்றுதான் என் சூட்கேஸில் கிடந்தது. திருநெல்வேலி அக்கா ஒருவர் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்து, "ஏன் தம்பி, அந்த ஆளு இம்புட்டு நல்லவனா இருந்துட்டு அந்தப் பிள்ளைகிட்ட போயித் திருடுதானே?" என்று கேட்டார்.

"உளவாளின்னா அப்படித்தான்க்கா," என்றேன்.

அன்றே ஒப்புக்கொண்டிருக்கலாம். இப்போது என் மகள் அதற்குப் பதினாறு பக்கம் எழுதியிருக்கிறாள்.

5

செவ்வாய்க்கிழமை வாயைத் திறக்கவில்லை. கிடங்கில் நாற்பது குழாயை முப்பத்தெட்டு என்று எழுதினேன். லாரி ஓட்டும் பட்டாணியர் இந்தியில், "பாய், ஆஜ் தபியத் டீக் நஹி?" என்றார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

சொன்னால் அவளுடைய கண்டுபிடிப்பு போய்விடும். பள்ளிக்கூடத்திலேயே யாருக்கும் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது. சொல்லாவிட்டால் முழு வகுப்பின் முன்னால் என் மகள் பொய்யை உண்மை என்று வாசிப்பாள். கைதட்டும் வாங்குவாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

புதன்கிழமை சாயந்தரம் சொன்னேன். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

நிவேதா சுவரில் ஒட்டியிருந்த அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு சப்மிஷன்," என்றாள். "நாளைக்குப்பா."

"தெரியும்மா."

"திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

செல்விக்கு வேறு கவலை. "இருங்க, இருங்க. கேசட் கடையா? எங்கப்பாகிட்ட வீடியோ எடிட்டர்னு சொல்லித்தானே பொண்ணு கேட்டீங்க?"

"வெட்டுறதும் எடிட்டிங்தானே."

"நல்லா வெட்டுனீங்க," என்றாள், அவரைக்காயை ஒடித்துக்கொண்டே.

நிவேதா லேப்டாப்பை இழுத்துவைத்துக்கொண்டாள். ஒரு நாள் கோபப்பட நேரம் இருந்தால் கோபப்பட்டிருப்பாள். நேரம் இல்லாததால் விசாரணையில் இறங்கினாள். எல்லையில் கோட்டுக்காரரைச் சோதித்தவர்கள் இவளைவிட எவ்வளவோ மேல்.

"முத்தம் எத்தனை செகண்ட் தெரியுமா? நான் அளந்திருக்கேன். ஆறு. உங்க டேப்ல காணாமப் போனது நாப்பத்தொண்ணு. முத்தம் முடிஞ்சதும் நீங்க பொத்தானை அமுக்கியிருந்தா கை சீன் வந்திருக்கும். அவர் திருடன் ஆகியிருக்க மாட்டார். அப்ப மீதி முப்பத்தஞ்சு செகண்ட் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கஸ்டமர் வந்துட்டாரு."

"கஸ்டமர் வந்தா ரெண்டு மெஷினையும் நிறுத்திட்டுத்தான் எந்திரிப்போம்னு இப்பத்தான் சொன்னீங்க."

"கரண்ட் போயிருச்சு."

"போனா ரெண்டும்தானே நிக்கும்? படத்தை ஓட்டுற மெஷின் மட்டும் எப்படி ஓடிச்சு?"

"அந்த மெஷின் கொஞ்சம் மக்கர்."

"அப்பா."

செல்வி தலை நிமிராமலே சொன்னாள்: "விடுடி. இருபத்திரண்டு வயசுப் பையன். முத்தத்தைப் பாத்து வாயப் பொளந்துட்டு உக்காந்திருந்திருப்பாரு. கட்டைவிரல் எங்க ஞாபகம் வரும்?"

மகள் முன்னால் ஒரு தகப்பனுக்கு இதைவிடச் சங்கடம் வேண்டாம். ஆனால் செல்வி சொன்னது ஏறக்குறையச் சரி. ஏறக்குறையத்தான். அதனால் மீதியையும் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் பார்த்தது கையை.

நான் இங்கே வருவது என் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் வந்தார். அப்போதும் பேசவில்லை. கூட்டத்தில் என்னை இடித்துக்கொண்டு ஏறி என் பெட்டியைச் சீட்டில் வைத்தார், இறங்கினார், திரும்பிப் பார்க்காமல் போனார். பம்பாயில் விமானத்துக்குக் காத்திருந்தபோது பேனா எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டேன். நாலாக மடித்த ஒரு தாள். அப்பாவின் கோணல் எழுத்தில் என் பெயர், தகப்பனார் பெயர், தெரு, ஊர், தாலுகா, மாவட்டம், பின்கோடு. வேறு ஒரு வார்த்தை இல்லை.

முதல் லீவில் வந்து, "ஏன்பா, என் வீட்டு அட்ரஸ் எனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். "நீ தொலஞ்சு போயிட்டா எவனாவது கொண்டாந்து விடணும்ல," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஹம்சா இக்கா கடையில் அந்தப் பெண்ணின் கை கோட்டுப் பைக்குள் போனபோது, எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்துவிட்டது. அப்பா எந்த நேரத்தில் அதை வைத்தார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அப்போதுதான் தெரிந்தது. இடித்துக்கொண்டு ஏறினாரே, அப்போது. ரயில் கிளம்பி அந்தப் பெண் ஓடும்போதுதான் என் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதே நினைவுக்கு வந்தது.

இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரைக்காய் ஒடிகிற சத்தம் நின்றிருந்தது.

செல்விதான் முதலில் பேசினாள். "அப்ப முத்தத்தைப் பாக்கவே இல்லங்கிறீங்க?"

"ஆறு செகண்ட் பாத்தேன்," என்றேன்.

6

நிவேதா பதினாறு பக்கத்தையும் திருத்தினாள். நடுவில் தலையைத் தூக்கி, "அப்பா, என் டீச்சர் நம்ப மாட்டாங்க. சோர்ஸ் ஃபார்ம் நிரப்பணும்," என்றாள்.

பள்ளிக்கூடம் ஒரு படிவம் கொடுத்திருக்கிறது. தகவல் சொன்னவர் யார், அப்போது என்ன பதவி, கையெழுத்து. பெயரை நிரப்பிவிட்டேன். பதவியில் பேனா நின்றது.

இந்த ஊரில் ஒரு மனிதனுக்கும் பல பதிப்பு உண்டு, பிள்ளைகளே. அப்போது என் விசாவில் இருந்த தொழில், மேசன், அதாவது கொத்தனார். கரண்டி பிடித்ததே இல்லை. அன்று கிடைத்த விசா அது. மாமனாருக்குக் கொடுத்த பதிப்பில் வீடியோ எடிட்டர். அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதியது, ஆபீஸ் வேலை. இக்கா கூப்பிட்டது "தம்பி". எதை எழுத?

"உண்மைய எழுதுங்க," என்றாள் நிவேதா.

தமிழில் எழுதினேன்: பொத்தான் அமுக்கியவர்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்து, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு, "தாத்தாவோட பேப்பர் இருக்கா?" என்றாள். பழைய பாஸ்போர்ட் உறைக்குள் இருந்தது. படம் எடுத்து ப்ராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்தாள். பின்கோடை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

7

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் வண்டியோடு நின்றிருந்தேன். வந்து ஏறினாள்.

"என்னம்மா ஆச்சு?"

"தலைப்பை மாத்திட்டேன். 'என் அப்பாவின் கட்டைவிரல்'."

"சிரிச்சாங்களா?"

"நல்லாச் சிரிச்சாங்க. அப்புறம் அஞ்சு வெர்ஷனையும் வரிசையா போட்டேன். அப்புறம் தாத்தா பேப்பர். ஒருத்தரும் சிரிக்கல." பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "டீச்சர் கேட்டாங்க, சென்சார் இல்லைங்கறதுக்கு என்ன ஆதாரம்னு. ஆதாரம் வெளியே வண்டியில வெயிட் பண்ணுதுன்னு சொன்னேன்."

மார்க் இன்னும் வரவில்லை.

பூங்கோதை டீச்சர், உழைப்பு, ஒழுக்கம் எதுவும் இதில் இல்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் மலரில் முத்தம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். நானும் அந்த வேலை செய்தவன், வருத்தப்பட மாட்டேன். ஆறு விநாடிதான்.

ஆனால் பொத்தானை உடனே மறுபடி அமுக்கிவிடுங்கள். அடுத்து வருவது கை.